வ-கி-7

வளவு, கிழக்கு வரிசை, ஏழாவது தூண்.
இதை எழுத எனக்கு
நாலு சொட்டு மஞ்சள் எனாமல் ஆகும்.

லாரிக்குப் பின்னால்
'ஒலி எழுப்பவும்' எழுதிக்கொண்டிருந்தவள் நான்.
"உன் எழுத்து நிமிந்து நிக்குது" என்று
சாத்தையா கோனாபட்டுக்குக் கூட்டிவந்தார்.
நாள் கூலி எழுநூறு, மதியச் சாப்பாடு தனி.

எழுதும் இடம் மட்டும் அவர் சொல்படி:
கழுந்தின் கன்னத்தில்,
போதிகையின் அடிவயிற்றில்,
உத்தரம் சுவருக்குள் நுழையும் நுனியில்.
மறுபடி மாட்டினால் கண்ணில் படக்கூடாது.
வாங்குகிறவருக்கு வீடு வேண்டும்,
கணக்கு வேண்டாம்.

ஓடு முதலில் இறங்கியது.
ஓட்டுக்கு எண் இல்லை,
எங்கே போட்டாலும் ஓடு ஓடுதான்.
பிறகு கைமரம். பிறகு விட்டம்.
பாண்டிமுத்து முளைகளை
எதிர்ப்பக்கமிருந்து தட்டினான்.
ஒவ்வொன்றும் வெளியே வரும்போது
சளி பிடித்தவன் தொண்டையைச் செருமும் சத்தம்.
வளவு முழுக்க ஒரே ஒரு இரும்பாணி கிடைத்தது,
யாரோ காலண்டர் மாட்ட அடித்தது.

பன்னிரண்டாம் நாள்
வக்கீல் குமாஸ்தா மொபெட்டில் வந்தார்.
முப்பத்தொரு கையெழுத்து சரி.
முப்பத்திரண்டாவது பங்காளி,
தைப்பிங்கில் இருக்கிற வயிரவன், போடவில்லை.
மாட்டேன் என்றும் சொல்லவில்லை.
போனை எடுப்பாராம்,
"அங்கே மழை பெய்யுதா?" என்று கேட்பாராம்,
வைத்துவிடுவாராம்.

தூணும் முப்பத்திரண்டு.
யாரும் திட்டம் போட்டதில்லை.
குமாஸ்தா நடந்துபோய்
கைக்கு எட்டிய ஒன்றைத் தட்டினார்.
"இது அவர் பங்கு, இருக்கட்டும்.
மத்ததை ஏத்துங்க."

வ-கி-7.

சுற்றியிருந்ததெல்லாம் லாரியேறிய பிறகும்
அது நின்றது,
எதையும் தாங்காமல்,
நாலு பக்கமும் கயிறு கட்டி.
கயிறு பாண்டிமுத்துவின் யோசனை.
பாரம் உள்ள தூணைவிட
பாரம் இல்லாதது சீக்கிரம் சாயும் என்றான்.
அது உண்மைதானா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

காரைக்குடி புறவழிச் சாலையில் எழுப்பினார்கள்.
சாப்பாட்டு விடுதி,
நூற்றிருபது பேர் உட்காரலாம்.
மூன்று மாதம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த மரம்
கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தது.
நான் எண்ணைக் கூப்பிடுவேன்,
கிரேன் தூக்கும்,
பாண்டிமுத்து ஒரு இழைப்பு இழைத்து
உட்காரவைப்பான்.
"வ-கி-ஆறு."
"வந்தாச்சு."
"வ-கி-ஏழு."
பழக்க தோஷத்தில் கூப்பிட்டுவிட்டேன்.
கிரேன்காரன் மட்டும் திரும்பிப் பார்த்தான்.

அந்த இடத்தில் சிமெண்டில் வார்த்து
தேக்கு நிறம் அடிக்கச் சொன்னார்கள்.
நான்தான் அடித்தேன்.
பழைய சீப்பை ஈரப் பெயிண்டில் இழுத்து
வரி வரியாக மரம் வரைந்தேன்.
நெஞ்சு உயரத்தில் ஒரு கணுவும் வைத்தேன்.
சாப்பிட வருகிறவர்கள்
அதைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்,
"என்ன மரம் பாரு, பர்மா!" என்று.
சாத்தையா விழுந்து விழுந்து சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
சொன்னால் வெட்கம், கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மற்ற முப்பத்தொன்றிலும் என் எழுத்து இருக்கிறது,
மரம் மரத்தைக் கவ்விய இருட்டில்.
இன்னொரு தரம் பிரித்தால்தான்
யாராவது படிப்பார்கள்.

போன வாரம் பஸ் கோனாபட்டு வழியாகப் போனது.
வேலை ஒன்றும் இல்லை, இறங்கினேன்.
கயிற்றில் ஒன்று அறுந்து,
மிச்சத்தில் யாரோ ஆட்டுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள்.
தூண் நின்றது.
போதிகை இல்லாத உச்சியில் கழுந்து,
அதன் கன்னத்தில் மஞ்சள்,
ஒரு வெயிலுக்கும் மங்காமல்.
கீழே நின்றே வாசிக்கலாம்.
நான் எழுதியதில்
வெளிச்சத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

படம் பிடித்தேன்.
குமாஸ்தாவிடம் நம்பர் வாங்கி
தைப்பிங்குக்கு அனுப்பினேன்.
யார் என்னவென்று ஒரு வரியும் சேர்க்கவில்லை.

ராத்திரி பாத்திரம் கழுவும்போது பதில் வந்தது.
"அங்கே மழை பெய்யுதா?"

ஈரக் கையோடு வாசலுக்குப் போனேன்,
கையை நீட்டிப் பார்த்தேன்,
ஈரம் என்னுடையதா வானத்துடையதா என்று
புரியக் கொஞ்ச நேரம் ஆனது.
பிறகு எழுதினேன்:
"இன்னும் இல்லை."